ஊசி சேரும் பள்ளங்கள்

லெம்யுவல் ஸ்பைவியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவனுடைய டிராக்டரைத்தான் சொல்வார்கள். பிறகு டிராக்டருக்குப் பின்னால் மாட்டியிருக்கும் இரும்பு வாரியை. அவனைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் இருக்காது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவன்போல வாழ்ந்துவிட்ட மனிதன் அவன்.

ஜார்ஜியாவின் தெற்கு மூலையில், பைன் காட்டுக்கும் வேர்க்கடலைக் கொல்லைக்கும் நடுவில் பிறந்தவன். சின்ன வயதில் மர அறுவை ஆலையில் பலகை தூக்கினான். கல்யாணமான பிறகு யாரோ கழித்துப் போட்ட ஒரு டிராக்டரை வாங்கிச் சரிசெய்து, வாரி மாட்டி, காடு காடாகப் போய்ப் பைன் ஊசி வாரத் தொடங்கினான். உதிர்ந்து காய்ந்த பைன் இலைதான் ஊசி, நீளமாக, பழுப்பாக. வளைந்த இரும்புப் பற்கள் மண்ணைத் தொட்டும் தொடாமலும் போக, பின்னாலேயே ஊசி சுருண்டு வரிசையாகக் குவியும். அதைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொடுத்தால் ஊரில் தோட்டம் வைத்திருப்பவர்கள் பாத்திகளில் பரப்ப வாங்கிக்கொள்வார்கள். வீட்டு முற்றங்களையும் வழித்துக் கொடுப்பான். லெம் வழித்த முற்றத்தில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்பார்கள்.

அவன் வாரி போகாத இடம் ஒன்றே ஒன்றுதான். எபனேசர் சபையின் கல்லறைத் தோட்டம்.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு முறை உண்டு. அங்கே புல் முளைக்கக் கூடாது, சருகு கிடக்கக் கூடாது. மண் வெறும் மண்ணாக இருக்க வேண்டும். கல்லறைமேல் ஊசி கிடந்தால் அந்த வீட்டில் ஆளே இல்லை என்று அர்த்தம். பேர் வெட்டிய கல் வைக்க வசதியுள்ளவர்கள் அங்கே குறைவு. மற்றவர்களுக்கு, செத்தவர் கடைசியாகத் தொட்ட சாமான்தான் அடையாளம். ஒரு தட்டு, ஒரு மருந்துப் புட்டி, நின்றுபோன ஒரு கடிகாரம், கடலோரம் போனவர்கள் கொண்டுவந்த சங்கு. ஆண்டுக்கொரு முறை, கடலை அறுவடை முடிந்த பிறகு, வெளியூர் போனவர்களெல்லாம் சபைக்குத் திரும்பும் ஞாயிறு ஒன்று வரும். அதற்கு முன்னால் அவரவர் வந்து அவரவர் மண்ணைக் கையால் கூட்டுவார்கள்.

லெம் வீட்டில் அதைச் செய்வது அவன் மனைவி ஆர்னெட்டா. அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் ஓபல், பிறந்த வாரமே போய்விட்டாள். பெட்டியை லெம்தான் செய்தான், குழியையும் அவன்தான் வெட்டினான். அன்று நல்ல மழை. அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அவன் அந்த வேலிக்குள் கால் வைக்கவில்லை. கேட்டால் வேலை இருக்கிறது என்பான். உண்மையில் பயம். உள்ளே போனால் அழுதுவிடுவோம், அழுதால் நிறுத்த முடியாது என்ற பயம். ஆர்னெட்டா ஒருநாளும் வற்புறுத்தவில்லை. அதுதான் அவனை இன்னும் குத்தியது.

அந்த வருஷம் ஆர்னெட்டாவின் தங்கைக்கு முழங்காலில் அறுவைசிகிச்சை. ஆர்னெட்டா ஜாக்சன்வில் போய் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை நேராகச் சபைக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். இங்கே ஊசி கொட்டோ கொட்டென்று கொட்டியது. கூட்ட வருகிறவர்களோ வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள். சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன் ஹோரஸ் லெம்மைத் தேடி வந்தார். அட்லாண்டாவில் வளர்ந்து, இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்ட மனிதர். சுறுசுறுப்பு கொஞ்சம் கூடுதல்.

"அண்ணே, ஒரே ஒரு மத்தியானம். டிராக்டரக் கொண்டாந்து ஒரு இழுப்பு இழுத்து விட்டுடுங்க. இந்தச் சருகுல ஜனங்க முகத்துல முழிக்க முடியல."

"அங்க கப்பு, தட்டுன்னு சாமானெல்லாம் கெடக்குமே. வாரில மாட்டுனா ஒடஞ்சுடும்."

"அத எங்கிட்ட விடுங்க. ஒரு கீறல் விழாது."

லெம் ஒத்துக்கொண்டான். ஆர்னெட்டா வந்து பார்க்கும்போது இடம் பளிச்சென்று இருக்கட்டும், இருபது வருஷக் கடனில் ஒரு துளியாவது கழியட்டும் என்று நினைத்தான் பாவம்.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் போனபோது ஹோரஸ் அங்கில்லை. தோட்டம் முழுக்க ஊசி மெத்தைதான், ஒரு சாமானும் கண்ணில் படவில்லை. ஹோரஸ் ஏதோ வழி செய்திருப்பார் என்று நம்பி வாரியை இறக்கினான். இரும்பு மண்ணைச் சீவிக்கொண்டு போனது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் நேராகவே ஓட்டினான். முன்பு வேலியோரம் என்று ஒரு ஞாபகம் இருந்தது. வேலியையே இப்போது தள்ளிப் போட்டிருந்தார்கள். எந்த மூலை என்றுகூடப் புரியவில்லை. வேலை முடிந்து வண்டியை நிறுத்தியபோது தோட்டம் இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை, நாலைந்து பேர்க்கல்லும் வாரிப் பற்களின் கோடும் மட்டும்.

அப்போதுதான் சபையின் பின்கதவருகே வரிசையாக வைத்திருந்த தகரத் தொட்டிகளைப் பார்த்தான். சங்குகள், தட்டுகள், கடிகாரங்கள், புட்டிகள். எல்லாம் கழுவித் துடைத்துப் பளபளவென்று. ஒரு தொட்டியில், மேலாகவே, நீல எனாமல் பூசிய சின்னக் குவளை. ஓபலுக்காக ஆர்னெட்டா வாங்கி, ஒருநாளும் உதட்டில் படாமல் போன குவளை அது.

ஹோரஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எப்படி அண்ணே? நேத்தே எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை அவங்கவங்க வந்து அவங்கவங்க சாமான எடுத்து வச்சுக்குவாங்க."

"எங்க வைப்பாங்க?" என்றான் லெம்.

ஹோரஸ் தோட்டத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"அடையாளமே அந்தச் சாமான்தானேய்யா! மேட்ட நான் வழிச்சுட்டேன், சாமான நீ பொறுக்கிட்ட. செத்தவங்கள யார் வந்து கையத் தூக்கச் சொல்லுவா?" என்றான் லெம்.

வெயில் தாழத் தொடங்கியது. காற்று சுத்தமாக நின்றுபோயிற்று. காற்றில்லாமலே ஊசி விழுந்தது. ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல். விழுந்தது விழுந்த இடத்தில் கிடக்கவில்லை. மெல்லச் சரிந்து, நகர்ந்து, அங்கங்கே கூடியது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்ணில் நீளநீளமாகப் பழுப்பு உருவங்கள் தெரிய ஆரம்பித்தன. எல்லாம் ஒரே திக்கில், கிழக்கே கால் நீட்டி, போர்வை போர்த்திப் படுத்தவர்களைப்போல.

லெம்முக்குக் காரணம் தெரியும். உள்ளே பெட்டி உளுத்துப்போனால் மேல்மண் இறங்கும். இறங்கிய இடத்தில், கண்ணுக்குப் பிடிபடாத பள்ளமானாலும், சருகு சேரும். வாழ்நாள் முழுக்கச் சருகோடு கிடந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? தெரிந்தும் பிடரி மயிர் சிலிர்த்தது. ஏனென்றால் உருவங்கள் தொட்டிகளிலிருந்த சாமான்களைவிட மிக அதிகமாக இருந்தன. வெளிச்சம் குறையக் குறைய இன்னும் வந்துகொண்டே இருந்தன. பழைய வேலிக்கால் நட்ட தடத்தை ஒட்டி ஒரு வரிசை. அதில் எல்லாமே குட்டை. முழங்கை நீளம், அதற்குக் கொஞ்சம் கூட.

"இத்தனை சின்னப் புள்ளைங்களா?" என்றார் ஹோரஸ். "அண்ணே, போயிடலாம் வாங்க."

ஆர்னெட்டாவுக்குப் போன் செய்திருக்கலாம். லெம் இரண்டு முறை போனைக் கையில் எடுத்தான். என்னவென்று கேட்பது? நம்ம பிள்ளையை எங்கே புதைத்தேன் என்றா? குழி வெட்டியவனே கேட்பதா? அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் இத்தனை வருஷம் அவள் பொறுத்த பொறுமை அன்றோடு முடிந்துபோகும் என்று அவனுக்குத் தோன்றியது. ஞாயிறு காலைக்குள் தானே கண்டுபிடித்தாக வேண்டும்.

சனிக்கிழமை விஷயம் பரவிப் பெண்கள் வந்துவிட்டார்கள். சபையில் பாட்டை எடுத்துக்கொடுக்கும் பியூலா வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்.

"என்னய்யா டீக்கன், உயிர்த்தெழும் நாளைக்கு இப்பவே இடத்தக் காலி பண்ணி வச்சுட்டியா? எங்க அம்மா எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும், நவுரு."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மண்ணில் நடந்தாள். ஓரிடத்தில் நின்று காலால் தட்டினாள். "இது கெட்டியா இருக்கு பாரு. எத்தனை வருஷம் கூட்டிக் கூட்டி இறுகிப்போன மண்ணு! காலுக்குத் தெரியாதா?" மற்ற பெண்களும் அப்படியே நடந்து, தேடி, தங்கள் தங்கள் சாமானை வைத்தார்கள். அவர்கள் வைத்த இடங்களில் பெரும்பாலும் ஊசி சேர்ந்திருக்கவில்லை. லெம் அதைப் பார்க்கத்தான் செய்தான். ஆனால் அவன் மனம் அதைப் பற்றி யோசிக்கும் நிலையில் இல்லை.

"உன் மகள் எங்கன்னு ஆர்னெட்டாவுக்குத்தான் தெரியும்" என்றாள் பியூலா, அவன் கேட்பதற்கு முன்பே. "எனக்குத் தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். கேக்க வேண்டிய இடத்துல கேளு."

எல்லோரும் போன பிறகு லெம் அந்தக் குட்டை வரிசைக்கு வந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்றில் மட்டும் ஊசி கொஞ்சம் கூடுதலாக, கூடு கட்டியதுபோல வட்டமாகச் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு பழைய அடிமரம். மழையில் அந்த மரத்தடியில் மண்வெட்டியைச் சாய்த்து வைத்த ஞாபகம் வந்தது. வந்ததா, வரவழைத்துக்கொண்டானா, அது அவனுக்கே தெரியாது. குவளையை அங்கே வைத்துவிட்டு மண்டியிட்டான்.

"ஓபல்" என்றான். அவள் போன பிறகு அந்தப் பேரை அவன் வாய் சொன்னதே இல்லை.

அப்புறம் அடக்க முடியவில்லை. வந்து பார்க்காததைச் சொன்னான். பெட்டிக்குப் பலகை போதாமல் தன் கட்டிலை உடைத்ததைச் சொன்னான். ஒவ்வொரு காட்டிலும் டிராக்டர் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அவளை நினைத்ததைச் சொன்னான். மீசை நரைத்த மனிதன் ஏங்கி ஏங்கி அழுதான். ஊசிக்குள் கையை வைத்தபோது உள்ளே இளஞ்சூடாக இருந்தது. வெயில் சூடு என்று நினைத்துக்கொண்டான். கையை எடுக்க மனமில்லை.

ஞாயிறு காலை கார்கள் வந்து நிறைந்தன. பொரித்த கோழியும் சர்க்கரைவள்ளிப் பணியாரமும் மக்காச்சோள ரொட்டியும் மரத்தடி மேசைகளில் ஏறின. ஆர்னெட்டா தங்கை மகனின் காரிலிருந்து இறங்கியதும், தொப்பியைக்கூடச் சரிசெய்யாமல், நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். கையில் ஒரு சின்னப் பை மணல். லெம் பின்னாலேயே ஓடினான். நடந்ததையெல்லாம் குழறிக் குழறிச் சொன்னான். அவள் நடையை நிறுத்தவில்லை. அந்தக் குட்டை வரிசைக்கு வந்து, குவளை வைத்த பள்ளத்தருகே ஒரு கணம் நின்று, அதைக் கடந்து போனாள். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே வெறும் தரையாகக் கிடந்த ஓர் இடத்தில் உட்கார்ந்தாள். ஓர் ஊசிகூட இல்லாத இடம்.

"அங்க ஒண்ணும் இல்லையே?" என்றான் லெம். "பள்ளமே விழல."

"எப்படி விழும்? வருஷா வருஷம் ஆத்து மணல் கொண்டாந்து நிரப்புறேன். பள்ளமானா குளுருமேன்னு." அவள் பையைப் பிரித்து மணலைத் தூவினாள். "ஊசி சேர்றது யாரும் வராத புள்ளைங்ககிட்ட, லெம்."

லெம் குவளையைத் திரும்பிப் பார்த்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் வேறு யாருடைய பிள்ளையிடமோ சொல்லித் தீர்த்துவிட்டான். தன் பிள்ளையின் முன்னால் நிற்கிறான், உள்ளே ஒரு வார்த்தை மிச்சமில்லை.

"நேத்து அங்க உக்காந்து அழுதேன்" என்றான். "நம்ம புள்ளன்னு நெனச்சு."

ஆர்னெட்டாவின் கை நின்றது. கோபப்படுவாள் என்று காத்திருந்தான். அவள் கண் நிறைந்துவிட்டது.

"புதைச்ச நாள்லேருந்து இவ உன் குரலையே கேட்டதில்ல" என்றாள். "இப்பவாவது பேர் சொல்லிக் கூப்புடு."

லெம் தொப்பியைக் கழற்றினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஓபல்."

சபைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த பாட்டு ஒரு மூச்சுக்கு நின்றது. மரத்தில் ஓர் ஊசி அசையவில்லை. அவர்களுக்குப் பின்னால், குவளை வைத்திருந்த பள்ளத்தில், சருகு சலசலத்தது. தூக்கத்தில் தன் பேர் கேட்ட பிள்ளை புரண்டு படுப்பதுபோல. குவளை மெல்லச் சாய்ந்து, அவர்கள் பக்கமாக உருண்டு நின்றது.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஆர்னெட்டா எழுந்து, அந்தப் பள்ளத்தருகே போய் உட்கார்ந்தாள். ஊசியைக் கையால் ஒதுக்கினாள். பையில் மிச்சமிருந்த மணலை அதில் கொட்டினாள். போதவில்லை.

"அடுத்த தடவை ரெண்டு பை கொண்டாரணும்" என்றாள்.

"இது யாரு புள்ளையோ, என்ன பேரோ."

"அதான் நேத்தே பேர் வச்சிட்டியே" என்றாள் ஆர்னெட்டா.