பருத்திப் பொதியில் மோதிய பஸ்

ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேர அன்றுதான் கடைசி நாள். சாயங்காலத்துக்குள் கோயமுத்தூரில் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கட்டிக்கொண்டவர் முடியாது என்றுவிட்டார். அவர் என்ன முடியாது என்பது என்று, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வெள்ளகோவிலில் பஸ் ஏறிவிட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் பக்கத்தில் ஒரு மருமகள் செய்கிற காரியமா அது? செய்தேன்.

காங்கேயம் நெருங்கும்போது முன்னால் ஒரு பருத்தி வண்டி. பொதிகள் இருபுறமும் சக்கரத்தைத் தாண்டிப் பிதுங்கிக்கொண்டிருந்தன. எங்கள் ஆட்கள் அப்படித்தான் ஏற்றுவார்கள். ரோடே தங்களுக்கு என்று நினைப்பு. டிரைவர் தாண்டிப் போகப் பார்த்தார். எதிரே லாரி வரவும் இடப்பக்கம் ஒடித்தார். பஸ் பொதிகளுக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மாடுகளும் பிழைத்தன. ஆனால் ஏறி இறங்க இருந்த ஒரே வாசலைப் பொதிகள் அடைத்துக்கொண்டன. பஸ்ஸைப் பின்னால் எடுக்கவும் முடியவில்லை. சன்னலில் எல்லாம் கம்பி. உள்ளே வெக்கையில் எனக்கு நெஞ்சை அடைத்தது.

முன் சீட்டில் இருந்த காலேஜ் வாத்தியார் கேட்காமலே பாடம் எடுத்தார். ஓடுகிற வேகத்தின் சக்தி எங்காவது போயாக வேண்டுமாம். புளியமரம் என்றால் நொடியில் நிறுத்தி, அத்தனையையும் நம் எலும்பில் இறக்கிவிடுமாம். பருத்தி நசுங்கி நசுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுமாம், திருப்பித் தள்ளாதாம். எனக்கு வந்த எரிச்சலுக்கு அவரையே பொதிக்குள் திணித்திருப்பேன். மணி பதினொன்றைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ஒருவழியாகப் பொதிகளை இழுத்துப் போட்டார்கள். வாசலில் நின்றவர் என் மாமனார். விடியலில் எங்கள் வீட்டிலிருந்து பருத்தியில் கொட்டை பிரிக்கிற அரைவை மில்லுக்குக் கிளம்பிய வண்டி அது. எப்போதோ திருப்பூர்ப் பாதையில் திரும்பியிருக்கும் என்று நம்பியிருந்தேன், பாவி.

மாமனார் மருமகளிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. இரண்டு வருஷமாக எதுவானாலும் மாமியார் வழியாகத்தான். இன்று திட்டுவார், கை நீட்டினாலும் நீட்டுவார் என்று தயாராக நின்றேன். பதில் நாக்கு நுனியில் இருந்தது. அடுத்த பஸ் பிடித்தால் போய்ச் சேர நேரமும் இருந்தது.

அவர் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

"அடி ஒண்ணும் படலியே அம்மணி?" என்றார். எங்கே போகிறாய் என்று கேட்கவே இல்லை. "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

அழுதுகொண்டே அவர் பின்னால் நடந்தேன். அந்தப் பள்ளியின் வாசலை இன்றுவரை மிதித்ததில்லை. மனிதர் அன்றைக்கு ஓர் அறை விட்டிருந்தால் நான் வாத்தியாரம்மா ஆகியிருப்பேன்.