இன்ஸ்பெக்டர் தள்ளிய ரூபாய்

கணபதி என்கிற ஊரில் நான் வேலை பார்த்த மோட்டார் பம்ப்புக் கம்பெனியில் சத்தியசீலன் இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை. வார்ப்புச் சரக்கு வந்து இறங்கினால் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, சரியில்லாததின் தலையில் சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போடுகிற இன்ஸ்பெக்டர். அந்தப் பெயின்ட் டப்பாவை மாதா மாதம் ஸ்டோர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். முதலாளி வின்ஸ்டனின் சொந்த மச்சான் பட்டறையிலிருந்து வந்த சரக்குக்கும் அதே குறிதான் விழுந்தது. முதலாளிக்கு அதில் வருத்தம் உண்டு, பெருமையும் உண்டு. வெளியூர்க்காரர்கள் வந்தால், இவர் பாஸ் பண்ணினால் மறுபேச்சுக் கிடையாது என்று தோளைத் தட்டி அறிமுகம் செய்வார்.

மனிதர் வீட்டிலும் அப்படியே. கல்யாணமான புதிதில் இட்லியை லென்ஸ் வைத்துப் பார்த்தார் என்று அவர் மனைவி கிருபா அக்கா சொன்னதை மிகை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் வெள்ளைக்காரன் காலத்துக் காசு. சனிக்கிழமை சாயங்காலமானால் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளையும், ராஜ வீதியில் வெள்ளி உருக்குகிற பட்டறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். காசின் தேய்மானத்தைப் பார்த்து ஒரு தரம், விளிம்பைப் பார்த்து ஒரு தரம், தரையில் போட்டு ஓசையைக் கேட்டு ஒரு தரம் என்று மூன்று முறை விசாரித்த பிறகுதான் தீர்ப்பு. தீர்ப்பும் பெரும்பாலும் ‘ரிஜெக்ட்’தான்.

ஊரில் பாதி வீடுகளில் ஆயிரத்தெண்ணூற்றுப் பதினெட்டாம் வருடம் போட்ட ஒரு செப்புக் காசு இருந்தது. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, மறு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். லட்சக்கணக்கில் போகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அவிநாசியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி, பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டுவார்கள். வியாபாரத்துக்கு வந்த வெள்ளைக்காரனுக்கு ராமரைப் போட்டுக் காசடிக்க அப்படி என்ன வேண்டுதல் என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வந்தவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் போவார்கள்.

என் மாமனார் கொடுத்த விக்டோரியா ராணி ரூபாய்க்கும் அந்தக் கதிதான். விளிம்பில் மயிரிழை போல ஓடிய கோட்டை எனக்குக் காட்டினார். சிமென்ட் தரையில் போட்டார். டொக் என்றது. “வார்ப்பு. போலி” என்றார், மாமனார் பக்கத்து அறையில் இருந்தபோதே. அந்த வருடம் மாமனார் வீட்டிலிருந்து எனக்குக் கிறிஸ்துமஸ் சட்டை வரவில்லை. இதை நான் மறக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய ஆல்பத்தில் ஆறாம் ஜார்ஜ் பக்கத்தில் முப்பத்தெட்டுக்கும் நாற்பதுக்கும் நடுவே ஒரு பை காலியாக இருந்தது. முப்பத்தொன்பதாம் வருடத்து வெள்ளி ரூபாயில் பெரும்பகுதியைச் சர்க்காரே உருக்கிவிட்டதாம். கிடைத்தால் சென்னை வியாபாரி கொடுக்கத் தயாராக இருந்த விலை எங்கள் நாலு மாதச் சம்பளம். அதனால் முப்பத்தெட்டின் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்கிற கூட்டம் ஒன்று கிளம்பியிருந்தது. அப்படிச் சுரண்டிய ஒன்பதுகளை நாலு முறை பிடித்துத் தள்ளியிருந்தார். பதினோரு வருடமாக அந்தப் பை காலியாகவே இருந்தது.

தொண்ணூற்று நாலில் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆண்டவருக்கு நன்றியாக ஆளாளுக்குக் கொண்டுவருகிற தேங்காய், பூசணி, சேவல் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம் விடுவார்கள். இந்த ஏலத்துக்குத் தனிச் சட்டம். ஒரு எலுமிச்சம்பழம் முந்நூறு ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதையே திரும்பக் காணிக்கையாகக் கொடுக்க, மறுபடி நானூறுக்குப் போகும். முதலாளி வின்ஸ்டனும், ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் டீனாவும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமலே விலை ஏற்றுவார்கள். பொருளுக்கு உள்ள விலையைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ளாத சத்தியசீலனுக்கு அது வருடத்தில் ஒரு நாள் நரகம்.

அந்த வருடம் பூசணிக்காய்க்கும் நாட்டுச் சேவலுக்கும் நடுவே தட்டில் ஒரு வெள்ளி ரூபாய் வந்தது. கொடுத்தவர் சாராள். எங்கள் கம்பெனி கேன்டீனில் டீ போடுகிறவர், வீட்டுக்காரர் இல்லை. அவருடைய அப்பா சத்தியமங்கலம் பக்கம் ஒரு பண்ணையத்தில் ஆள்காரராக இருந்து சம்பாதித்த காசு, கடுகு டப்பாவில் இத்தனை வருடம் கிடந்தது. தன் கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு வீட்டில் இருந்ததிலேயே பெரிய பொருளைக் கொண்டுவந்திருந்தார்.

ஏலம் விட்ட சபைச் செயலாளர் ஜெரோம், இதற்கு நம்ம இன்ஸ்பெக்டர்தான் விலை சொல்ல வேண்டும் என்று மைக்கில் அழைத்தார். சத்தியசீலன் சர்ச்சுக்கு வரும்போதும் சட்டைப் பையில் லென்ஸ் வைத்திருப்பார். எடுத்துப் பார்த்தார். விளிம்பைப் பார்த்தார். படிக்கட்டில் போட்டார். மணி அடித்த மாதிரி கணீரென்று நின்று கேட்டது. மறுபடியும் லென்ஸ் வைத்து அந்தக் கடைசி ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். வெயில் என்று நினைத்தேன்.

நல்ல காசு என்று ஒரு வார்த்தை சொன்னால் முதலாளியும் டாக்டரும் ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடுவார்கள். போலி என்றால் ஐம்பது ரூபாய்க்கு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இதெல்லாம் அவரே பிறகு என்னிடம் சொன்னது. அன்றைக்கு அவர் மைக்கில் சொன்னது இவ்வளவுதான்: “முப்பத்தெட்டாம் வருசத்துக் காசுங்க. எட்டச் சொரண்டி ஒம்பதாக்கியிருக்கறாங்க. ரிஜெக்ட்.”

சாராள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். சத்தியசீலன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஐம்பது ரூபாய் என்று தானே கேட்டார்.

கணக்கெல்லாம் சரிதான், எந்த ஏலத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மட்டும் மறந்துவிட்டார். அவமானப்பட்ட ஒரு அம்மாவைக் கைதூக்கிவிட இன்ஸ்பெக்டரே போலிக் காசைக் கேட்கிறார் என்று சபை உருகிவிட்டது. டாக்டர் டீனா இருநூறு என்றார். டாக்டர் தன்னைவிட இரக்கக்காரர் ஆவதை முதலாளியால் பொறுக்க முடியுமா? நானூறு என்றார். சத்தியசீலன் அறுநூறு வரை போனார். அதற்கு மேல் போனால் சந்தேகம் வரும் என்று வாயை மூடிக்கொண்டார். கடைசியில் இரண்டாயிரத்து நூறுக்கு முதலாளி எடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் பத்து மணி டீக்கு சாராள் தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு நகராமல் நின்றார். “சாமிக்குப் போலியக் குடுத்துப்போட்டனுங்க அய்யா. தெரியாமத்தானுங்க. எங்கப்பன் ஆரையும் ஏமாத்துனவரு இல்லீங்க” என்றார். சத்தியசீலன் டீயைக் குடிக்காமல் சரக்குப் பக்கம் எழுந்து போனார். அன்றைக்கு முப்பது வார்ப்புகளில் ஒன்றில்கூடச் சிவப்புக் குறி விழவில்லை. ஃபவுண்டரிக்காரர்கள் பயந்துபோனார்கள்.

அடுத்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போவோம். சாராள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா கூப்பிட்டபோது, தனக்குத் தகுதியில்லை என்று கையை அசைத்தார். அதைப் பார்த்த சத்தியசீலனும் பாதி வழியில் நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் போன நானும் நிற்க, எனக்குப் பின்னால் வந்தவர் என்மேல் இடித்தார்.

அறிவிப்பு நேரத்தில் சத்தியசீலன் எழுந்து நின்றார். “சாராள் அம்மா குடுத்தது நல்ல காசுங்க. அசல் முப்பத்தொம்போது. எனக்கு அது வேணும்னு ஆசப்பட்டு, வெல கொறையட்டும்னு நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன். என்னைய மன்னிச்சுப்போடுங்க.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் நம்ப ஒரு ஆள் வேண்டுமே. டாக்டர் டீனா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். எளியவள் மனம் ஆற வேண்டும் என்பதற்காகத் தன் பெயரையே கெடுத்துக்கொள்ளத் துணிந்தவரைப் பாருங்கள் என்று போதகர் தொடங்கி, முடிந்துபோன பிரசங்கத்துக்கு இன்னும் பத்து நிமிடம் சேர்த்தார். கிருபா அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

வாசற்படியில் சாராள் அவரை நிறுத்தினார். “எனக்காவ நீங்க பொய் சொல்லோணுமுங்களா அய்யா? உங்க வாயில பொய் வரலாமுங்களா?” என்று கேட்டுவிட்டு அழுதார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து முழுக் கதையையும் கொட்டினார். நீயாவது நம்புவாயா என்று கேட்டார். நம்பினேன். எனக்கு அவர்மேல் பழைய கோபம் ஒன்று இருந்ததால் நம்புவது சுலபமாக இருந்தது. ஊரில் மற்ற எவருக்கும் அந்த வசதி இல்லை.

திங்கட்கிழமை முதலாளி நேரே இன்ஸ்பெக்ஷன் மேஜைக்கு வந்தார். புதிதாக மாருதி எடுத்திருந்தார். ஆசீர்வாதமான காசு, சாவியில் கோத்துக்கொள்கிறேன், ஒரு ஓட்டை போட்டுக் கொடுங்கள் என்று அந்த ரூபாயை வைத்தார். சத்தியசீலன் எழுந்து நின்று, சார், சத்தியமாக இது அசல், நான் வேண்டுமென்றே பொய் சொன்னேன், கொடுத்த பணத்துக்கு மேலேயே தருகிறேன் என்று கெஞ்சினார். நானும் ஆமாம் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் சர்ச்சில் ஒரே பெஞ்சு, ஒத்துத்தான் பேசுவோம் என்று முதலாளி என்னை ஒதுக்கிவிட்டார்.

“அதெல்லாம் சபைக்குச் சொன்னதுங்க. நேத்தோட முடிஞ்சுபோச்சு” என்று சிரித்தார் முதலாளி. “இருவது வருசத்துல எம் மச்சானுக்காகக்கூட ஒரு பொய் சொன்னதில்ல நீங்க. காசுக்காவ சொன்னேங்கறீங்க, நான் நம்போணுமாக்கும்.”

பிறகு விரல் நகத்தால் இடத்தையும் காட்டினார். ஓரத்தில் வேண்டாம், பெரிய வளையமாக வாங்கிப் போட்டுக்கொள்கிறேன், அந்தத் திருட்டு ஒன்பதின் மேலேயே போடுங்கள், இனி யாரும் ஏமாறக் கூடாது என்றார்.

சத்தியசீலன் மாட்டேன் என்றிருந்தால் முதலாளி மெஷின் ஷாப்பில் வேறு யாரிடமாவது கொடுத்திருப்பார். அவன் பெரிய டிரில்லைப் போட்டுக் காசையே கிழித்திருப்பான். அதனால்தானோ என்னவோ, அவரே எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் துணி வைத்துப் பிடித்தார். இரண்டு மில்லிமீட்டர் டிரில்லை மாட்டினார். சுவிட்சைப் போடும் முன் லென்ஸ் எடுத்து ஒரு முறை பார்த்தார். நான் வெளியே போய்விட்டேன். எனக்குத் தாங்கவில்லை.

பத்து மணி டீக்கு முதலாளி காசை எல்லோருக்கும் காட்டினார். துல்லியமான ஓட்டை, பிசிறே இல்லை. சாராள் டீத் தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, காசைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இப்பத்தானுங்க மனசு ஆறுச்சு. இனி இத ஆரும் நல்ல காசுன்னு நம்ப மாட்டாங்க” என்றார். சத்தியசீலன் சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தார்.

அடுத்த மாதம் திருவிருந்துக்கு சாராள் எழுந்து போனார். சத்தியசீலன் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. மூன்றாவது மாதம் போதகரே வீடு தேடிப் போய்ப் பேசிப் பார்த்தார். இரக்கத்தில் சொன்ன ஒரு சின்னப் பொய்க்கே தன்னை இப்படித் தண்டித்துக்கொள்கிறாரே என்று சபையில் அவர் மதிப்பு இன்னும் கூடிப்போனது.