அளவெடுத்த பிள்ளை

தையல்காரி ஓடிப்போனாள் என்று சொல்கிறவர்கள் முதலில் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். ஓடிப்போகிறவள் பட்டப்பகலில், தெரு முழுக்க ஆள் நடமாடும் நேரத்தில், கட்டின புருஷனையே வண்டி பிடிக்கச் சொல்லிவிட்டுப் போவாளா? மாடி வீட்டு அண்ணி அதைத் தன் கண்ணாலேயே பார்த்தவள். பார்த்ததை அப்படியே சொன்னால் சுவை இருக்காதே என்று கண் காது மூக்கு வைத்து வேறொன்றைச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் போன வெளிநாட்டில் யாரோ ஒருவன் இருக்கிறானாம், தையல்காரிக்குக் குடியுரிமை வாங்கித் தருகிறானாம். அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த ஆண்பிள்ளை வேன் ஓட்டிய கிழவர் ஒருவர்தான். அவருக்கோ காது கேட்காது.

இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. பெரிய புண்ணியவதி, ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்யப் போய்விட்டாள் என்கிறது. அதுவும் இல்லை. அந்தப் பேச்சைத்தான் அவளால் கொஞ்சமும் தாங்க முடிந்ததில்லை.

சபையிலிருந்து ஓர் ஊழியப் பயணம் கிளம்பினார்கள். வெளிநாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்கான விடுதி ஒன்றில் ஒரு மாதம் தங்கி, சுவருக்கு வண்ணம் அடிப்பது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, பல் பார்ப்பது என்று ஆளுக்கு ஒரு வேலை. தையல்காரி போகிறதாகவே இல்லை. பல் டாக்டரின் மனைவி கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட, ஓர் இடம் காலியாயிற்று. பிள்ளைகளின் கிழிந்த துணியைத் தைத்துக் கொடுக்க ஓர் ஆள் இருந்தால் நல்லது என்று போதகர் ஐயா இவளைக் கேட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வருஷக்கணக்காக வீட்டு முன்னறையில், ஜன்னலை ஒட்டிப் போட்ட மிஷினில், தெருவில் உள்ள எல்லோருடைய இடுப்பளவையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். மகனும் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டான். புருஷன் மின்விசிறி, மிக்ஸி பழுது பார்க்கிற மெக்கானிக்.

"போயிட்டு வா. ஒரு மாசம் என் சமையலை நானே சாப்பிட்டுப் பாக்கறேன். பொழைச்சுக் கிடந்தா அடுத்த வருஷமும் போ," என்று அனுப்பிவைத்தார்.

விடுதியில் அவளுக்கு நீளமான மேஜை ஒன்றும், மிதி இறுகிப்போன பழைய மிஷின் ஒன்றும் கொடுத்தார்கள். நன்கொடையாக வந்த துணிமூட்டைகள் மூலையில் மலைபோலக் கிடந்தன. பிள்ளைகள் அதிலிருந்து கைக்கு வந்ததை உருவிப் போட்டுக்கொள்வார்கள். தொளதொளவென்று இருந்தால் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள், இறுக்கமாக இருந்தால் பொத்தானைப் போடாமல் விட்டுவிடுவார்கள். இவள் கிழிசலைத் தைத்தாள், ஜிப் மாற்றினாள். ஆறேழு வயசுச் சிறுமி ஒன்று முதல் நாளே மேஜைக்கடியில் வந்து உட்கார்ந்து, கீழே விழும் நூலையெல்லாம் பொறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தது. இவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்கும். கூட வந்தவர்கள் அதற்கு வாலு என்று பேர் வைத்துவிட்டார்கள். இவள் தமிழில் பேசுவாள், அது தன் பாஷையில் பேசும், இரண்டு பேரும் எல்லாம் விளங்கியதுபோலத் தலையாட்டிக்கொள்வார்கள்.

ஒருநாள் மூட்டைக்குள் மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை அகப்பட்டது. நல்ல துணியைக் கண்டால் தையல்காரியின் கை சும்மா இருக்குமா? வாலுவை எதிரே நிறுத்தி, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துத் தோள், மார்பு, இடுப்பு, உயரம் என்று அளந்தாள். வளருகிற பிள்ளையாயிற்றே என்று கவுனின் கீழ்ப்பக்கம் தாராளமாகத் துணி விட்டு உள்ளே மடித்துத் தைத்தாள். அளவெடுக்கும்போது அந்தப் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. மற்றப் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு வாசலில் வந்து கூடிப் பார்த்தன. புதுத்துணி என்றால் பிள்ளைகள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கே யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கிளம்புகிற அன்று வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. வாலு மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தலையைப் படிய வாரி, துணிப்பை ஒன்றோடு வந்து வேன் படியில் காலை வைத்தது. விடுதி வார்டன் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். மொழிபெயர்க்க வந்திருந்த பெண் விஷயத்தைச் சொன்னாள். அந்த விடுதியில் யாருக்கும் அளவெடுத்துத் துணி தைக்கிற வழக்கம் கிடையாது. ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க யாராவது முடிவு செய்தால் மட்டும் அளவு கேட்டு வாங்கிப் புதுத்துணி அனுப்புவார்கள். அதைப் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை கிளம்பிப் போய்விடும். அளவெடுத்தாயிற்று என்றால் வீடு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அங்கே நண்டு சிண்டுக்கெல்லாம் தெரிந்த சங்கதி.

இறங்கியிருக்கலாம். பின்னாலிருந்து யாரோ விமானத்துக்கு நேரமாகிறது என்றார்கள். தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொடுத்த துணி எங்கே என்று வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் யோசிக்காமல் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தை ஒன்று உண்டே, அதுதான் வாயில் வந்தது.

"நாளைக்கு வரேன்னு சொல்லுங்க."

மொழிபெயர்க்கிற பெண் இவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அதைச் சொன்னாள். வாலு உடனே படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டது. அழவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கையாட்டியது. அதை யாரோ போட்டோ எடுத்தார்கள்.

ஊர் திரும்பியதும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்தப் போட்டோவைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். பிள்ளை முகத்தில் எவ்வளவு சந்தோஷம் என்று சபையே உருகியது. இவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மேடையேறினாள். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, ஸ்தோத்திரம் என்ற ஒற்றை வார்த்தையோடு இறங்கிவிட்டாள். தாழ்மையைப் பாருங்கள் என்று அதற்கும் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் அவளுக்குக் கன்னத்தில் அறைவதுபோல இருந்தது.

அன்றிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு அவளால் அளவெடுக்க முடியவில்லை. யாராவது பிள்ளையைக் கூட்டிவந்தால், பழைய சட்டை ஒன்று கொடுங்கள், அதை வைத்து வெட்டிக்கொள்கிறேன் என்பாள். வெளிநாட்டுக் காற்று பட்டதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று இஸ்திரிக்காரம்மா ஆரம்பித்து வைத்தது அப்போதுதான். புருஷனிடம் மட்டும் சொன்னாள். பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடும் என்றார் அவர். போதகர் ஐயாவும் அதையேதான் சொன்னார். ஆனால் நல்ல மனுஷர், மாதக்கணக்காக இவள் வாடிப்போவதைப் பார்த்துவிட்டு, போனில் முகம் பார்த்துப் பேசிவிடுங்கள் சிஸ்டர் என்று விடுதியோடு பேசி ஏற்பாடு செய்தார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போன் முன்னால் உட்கார்ந்தாள். மொழிபெயர்க்கிற பெண்ணுக்கும் வார்டனுக்கும் நடுவில் வாலு அதே மஞ்சள் கவுனில் வந்து நின்றது. கவுன் முழங்காலுக்கு மேலே ஏறி, அக்குளில் இறுக்கிப் பிடித்திருந்தது. உள்மடிப்பைப் பிரித்துவிடச் சொல்லுங்கள், துணி நிறைய இருக்கிறது என்றாள். பிரிக்க விடமாட்டேன் என்கிறது, தைத்தவள் நாளைக்கு வந்து பிரிப்பாளாம் என்று பதில் வந்தது. வார்டன் இன்னொன்றும் சொன்னாள். நடுவில் ஒரு தம்பதி பிள்ளை பார்க்க வந்தார்களாம். வாலுவைக் கூப்பிட்டபோது, எனக்கு ஏற்கெனவே அளவெடுத்தாச்சு என்று சொல்லி மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டதாம். அவர்கள் வேறு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கட்டைவிரல் அளவு முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது? தையல்காரி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று மெக்கானிக்கே விசாரித்துப் பார்த்தார். அந்த நாட்டுச் சட்டத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிள்ளையைக் கொடுப்பதில்லை என்று தெரிந்தது. அப்படியென்றால் நான் நேரில் போகிறேன் என்றாள் இவள். அவர் கையில் இருந்த மிக்ஸியைக் கீழே வைத்தார்.

"போய் என்ன சொல்லப் போறே?"

"பொய் சொல்லிட்டேன்னு சொல்லணும். நான் வந்தது உன்னைக் கூட்டிட்டுப் போக இல்லை, வேற யாராவது வந்தா நீ அவங்களோட போகணும்னு சொல்லணும்."

"அந்தப் புள்ள அழும். அப்ப என்ன பண்ணுவே?"

"பக்கத்துல இருப்பேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

அவள் கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றிச் சுருட்டினாள். அவர் மெதுவாகக் கேட்டார்.

"இது அவளுக்காகவா, உன் மனசு ஆறவா?"

"எனக்கே தெரியலைங்க."

அவர் அதற்கு மேல் தடுக்கவில்லை. வார்டனிடம் பேசினார்கள். வந்து தங்கித் தைத்துக் கொடுக்கலாம், ஆனால் டேப்பைக் கொண்டுவரக் கூடாது என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். தையல்காரி தன்னிடமிருந்த இரண்டு மிஷினில் நல்லதை விற்றாள். தெருவுக்கு அது ஒரு கதையாயிற்று. மொழிபெயர்க்கிற பெண்ணைப் போனில் பிடித்து, சொல்ல வேண்டியதை அந்தப் பாஷையிலேயே கேட்டுக் கற்றுக்கொண்டாள். இன்னொருத்தி வாயால் சொல்லப்போவதில்லை என்பதில் பிடிவாதமாக இருந்தாள்.

கிளம்புகிற அன்று இஸ்திரிக்காரம்மா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்னம்மா, மறுபடியும் சேவையா?"

"சேவையும் இல்லை, ஒண்ணும் இல்லைக்கா. ஒரு புள்ளையை ஏமாத்திட்டு வந்துட்டேன்."

இஸ்திரிக்காரம்மாவுக்கு அது பிடிபடவில்லை. மெக்கானிக் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். தையல்காரி வாசல்படியில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லிவிட்டேன் என்பதற்கு அந்தப் பாஷையில் நீளமான வார்த்தை. நடுவில் நாக்கு சிக்கியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். தடங்கலில்லாமல் ஒருமுறை முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் தெருவில் காலை வைத்தாள்.