பெருசு சிறுசு பாக்காதீங்க!

இன்று காலை போலீஸ் நிலையக் கவுண்டரில்...

“யாரை வெட்டப் போறதா எழுதுனீங்க?” என்று கேட்டார் கார்ப்பரல்.

மலாயில்தான் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் என் வீட்டுக்காரர் முரளிக்கு வேர்த்துக் கொட்டியது. (ஏர்கோன் நன்றாகவே வேலை செய்தது!)

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ரந்தாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் (எண்ணெய்ப் பனைதான்!) இருக்கிறோம். இவர் குலை வெட்டும் காண்ட்ராக்டர். வெட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் முகநூலில் எழுதித்தான் ஆட்களைக் கூப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் எழுதினார்:

“நாளைக்கு வெட்டு. எல்லாரும் அருவாளத் தீட்டிட்டு வந்துடுங்க. பெருசு சிறுசு பாக்காதீங்க. ஒண்ணு விடக்கூடாது!”

இதில் பழம் என்ற வார்த்தையே இல்லை. எங்கள் தோட்டத்தில் யாரும் அதைச் சொல்வதும் இல்லை. வெட்டு என்றால் செம்பனைக் குலைதான்! சின்னக் குலையில் எடை தேறாது என்று சிலர் மரத்திலேயே விட்டுவிடுவார்கள். அவர்களுக்குத்தான் அந்தப் ‘பெருசு சிறுசு’.

ஆனால் அதற்கு முந்தைய நாள் டவுனில் ஒரு கட்சிக் கூட்டம் நடந்தது. தேர்தல் நேரம் இல்லையா?

மேடையில் ஒருவர் வாயை விட, கீழே நாற்காலிகள் பறந்தன. பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் மகன் தினேஷ் அங்கே நாற்காலி அடுக்கிக் கொடுக்கப் போயிருந்தான். எந்தக் கட்சியிலும் இல்லாதவன். அவன் மண்டைதான் உடைந்தது. தையல் போட்டு இன்னும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான்.

இந்த நேரம் பார்த்து இவருடைய பதிவை முகநூல் தானாகவே மலாயில் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறது.

பழம் வெட்டுவதை மலாயில் ‘போத்தோங்’ என்பார்கள். அதைப் போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை.

அது போட்டது ‘தெத்தாக்’. பாராங் கத்தியை எடுத்து ஆளை வெட்டுவது!

‘பெருசு சிறுசு’ என்ன ஆனது தெரியுமா? ‘கிழவனோ பொடியனோ’ என்று ஆகிவிட்டது!

ஒரு கட்சிக்காரர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, “பழிவாங்கக் கிளம்பிட்டாங்க, ஜாக்கிரதை!” என்று ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். அவர் எங்கள் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் குலை வெட்டினவர்தான்.

மெஷினுக்கு அர்த்தம் தெரியாது, விடுங்கள். அந்தக் கட்சிக்காரருக்குமா தெரியாது?

கார்ப்பரலிடம் நான்தான் சொன்னேன். “என்சே, தெத்தாக் இல்ல. போத்தோங். செம்பனைப் பழம்!”

அவர் மறுபடியும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தார். அவருடைய அப்பாவுக்கும் ஜெலுபு பக்கம் கொஞ்சம் செம்பனை இருக்கிறதாம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அபாங், அடுத்த தடவ பழம்னு ஒரு வார்த்த சேத்துப் போடுங்க லா” என்று சொல்லி, வாக்குமூலம் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

முகநூல்தான் சிரிக்கவில்லை. பதிவைத் தூக்கியது, கணக்கையும் பூட்டியது. முறையீடு செய்தோம். உடனே பதில் வந்தது: ‘மீண்டும் ஆராய்ந்தோம். உங்கள் பதிவு வன்முறையைத் தூண்டுகிறது.’

“ஆராய்ஞ்சாங்களாம்! நான் இன்னும் டீயே ஆத்தல” என்றார் இவர்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் போலீஸ் பயம் இல்லை. செல்வி அக்கா இரண்டு நாளாக எங்களிடம் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரே இந்தத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கினவர். இவர் வெட்டிய குலையிலிருந்து பொறுக்கினவர்!

நிலையத்திலிருந்து நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன்.

“அக்கா, வெட்டுன்னா என்னான்னு ஒங்களுக்குமா தெரியல?”

அக்கா என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பிறகு, “தெரியும்மா. நம்ம வார்த்ததான். ஆனா அதுக்கு மொத நாளுதான் எம்புள்ள தலையில ரத்தத்தப் பாத்தேன். அருவான்னு படிச்சதும் ஒடம்பே நடுங்கிருச்சு. வேற ஒண்ணும் தோணல” என்றார்.

எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“முரளிய நான் தப்பா நெனைக்கல. நீ இத மட்டும் எடுக்கச் சொல்லும்மா” என்று போனை நீட்டினார்.

தினேஷ் அடிபட்டு விழும் வீடியோ. யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு ‘அம்மா’ என்கிறான். அதற்குக் கீழே சலவைத்தூள் விளம்பரம் ஓடுகிறது. கறையெல்லாம் போய்விடுமாம்.

அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ரிப்போர்ட் செய்தேன்.

இதற்கும் உடனே பதில் வந்தது: ‘இந்த வீடியோ எங்கள் விதிகளை மீறவில்லை.’

“என்னாம்மா போட்டிருக்கான்?” என்று அக்கா கேட்டார்.

“பாத்துட்டுச் சொல்றாங்களாம்க்கா” என்றேன். வேறென்ன சொல்ல?

பழம் வெட்டினால் வன்முறை. மண்டை உடைந்தால் விளம்பரம். ஆட்கள் பார்க்கப் பார்க்க முகநூலுக்கு வியாபாரம்.

சாயங்காலம் இவர் என் கணக்கிலிருந்துதான் ஆட்களைக் கூப்பிட்டார்: “நாளை செம்பனை மரத்தில் உள்ள பழங்களை இறக்கும் பணி நடைபெறும்.”

கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: “அண்ணே, அக்கவுண்ட்ட யாரோ ஹேக் பண்ணிட்டான் லா!”

சிரித்தேன். சிரித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த வீடியோ உங்களுக்கும் வரும். ‘ஐயோ பாவம்’ என்று எழுதிக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். திறக்காமல் ரிப்போர்ட் மட்டும் செய்யுங்கள். ஒருவர் சொன்னால் கேட்காதவர்கள், நூறு பேர் சொன்னால் கேட்க மாட்டார்களா?

சுவர் ஒன்றுதான் எங்கள் இரண்டு வீட்டுக்கும். அக்கா அந்த வீடியோவை மறுபடியும் போட்டுப் பார்க்கிறார் போலிருக்கிறது. அவன் ‘அம்மா’ என்பது இங்கே கேட்கிறது.