ஒன்பதாம் வரிசையில் ஒரு பொங்கல்

மலைகளுக்கு நடுவே பனி கொட்டும் கூர் நகரில் தவராஜா துப்புரவாக்காத இடம் ஒன்றைக் காட்டுவது கடினம். அகதியாக வந்த புதிதில் ஹோட்டல் கோப்பைகள், பிறகு ஆஸ்பத்திரி யன்னல்கள், அதன் பிறகு பள்ளிக்கூடச் சுவரில் பெடியள் எழுதிவைத்த கெட்ட வார்த்தைகள். ஐம்பத்தெட்டு வயதில் மனுசன் கூரைக்கே ஏறிவிட்டார். களஞ்சியங்களின் மேல் பூட்டியிருக்கும் சோலார் தகடுகளில் விழும் பனியைத் தள்ளுவதுதான் இப்போது வேலை.

தள்ளுவதென்றால் மண்வெட்டியால் அல்ல. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, நீளத் தடியில் பூட்டிய மெத்தென்ற தூரிகையால் தள்ளவேண்டும். கண்ணாடியில் ஒரு கீறல் விழக்கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் தவறாமல் நடத்தும் பாடம் ஒன்று உண்டு. "வரிசையிலை பனி கிடந்தா அந்த வரிசை முழுக்க நித்திரை, கரண்ட் வராது. கொஞ்சப் பனிதானே எண்டு விட்டிட்டு வரக்கூடாது, விளங்கிச்சோ?"

இப்படிப் பாடம் நடத்துகிறவருக்கே அந்தத் தைப்பொங்கலன்று புத்தி கெட்டுப்போனது.

அன்று காலை பத்தரைக்குப் பாலாடைக்கட்டிக் களஞ்சியத்தின் சொந்தக்காரி ஹிட்ஸ் அம்மையார் கூரையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. "பனி தானாக வழுக்கி விழும், அதற்கு ஏன் ஆள்?" என்று கேட்கும் ரகம் அந்த அம்மா. அவர் குளிர்காலம் முழுவதற்கும் ஒப்பந்தம் போட்டால் தவராஜாவை நான்கு பேருக்குத் தலைவராக்குவதாக முதலாளி கஃப்லிஷ் சொல்லியிருந்தார். போடாவிட்டால் பழையபடி, பனி கொட்டும் நாட்களில் மட்டும் கூப்பிடும் ஆள்தான். இதில் பெரிய சிக்கல், மனைவி இராஜேஸ்வரி ஓர்லிகோனில் இருக்கும் தங்கச்சியிடம், "அத்தானை ஷெஃப் ஆக்கிப்போட்டாங்கள்" என்று, தலைவர் பதவி கிடைத்தேவிட்டதுபோல், போன கிழமையே அறிவித்துவிட்டிருந்தார்.

விடிய ஐந்து மணிக்கு அவர் சப்பாத்தைப் போடும்போது இராஜேஸ்வரி பானையோடு நின்றார்.

"பொங்கலண்டும் வேலையோ? பதினெட்டு வருசமா இந்தக் குசினியிலை புகை இழுக்கிற மெஷினைப் பாத்துத்தான் பொங்குறன். இந்த வீட்டுக்குத் தை மாசத்திலை சூரியன் எட்டியும் பாக்கிறேல்லை."

"என்ன செய்யிறது? மலைக்குத் தள்ளி நில் எண்டு சொல்லேலுமோ?"

"நீங்களாவது கூரையிலை நிண்டு ஒரு கும்பிடு போடுங்கோ."

ஒன்பதரைக்குள் எட்டு வரிசையைத் துப்புரவாக்கிவிட்டார். ஒன்பதாவது மட்டும் மிச்சம். அந்தக் கூரைக்கு மலையைத் தாண்டிச் சூரியன் வருவது பத்து இருபதுக்கு. அதை அவர் மணிக்கூடு பார்க்காமலே சொல்வார். இன்னும் நேரம் கிடந்தது. ஒரு முழப் பனி, மாவைக் கொட்டிப் பரப்பியது போல வெள்ளை வெளேரென்று கிடந்தது. கை சும்மா இருக்குமா? தூரிகையின் நுனியால் வழித்து வழித்து, பனியை இழை இழையாக விட்டு, நடுவில் பொங்கல் பானை வரைந்தார். மேலே சூரியன். இரண்டு பக்கமும் வரிசையின் அந்தம் வரைக்கும் கரும்பு. தான் இவ்வளவு கெட்டிக்காரன் என்பது அவருக்கே அன்றுதான் தெரியும். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். வெயில் வந்தது. கண்ணை மூடி மனதாரக் கும்பிட்டார்.

கும்பிட்டு முடிக்கவில்லை, கைபேசி அடித்தது. கீழே வாசலில், மின்சாரக் கணக்குக் காட்டும் திரைக்கு முன்னால் நின்று கஃப்லிஷ் பேசினார்.

"தவராஜா, ஒன்பதாம் வரிசை நித்திரை! அம்மா பார்த்துக்கொண்டு நிற்கிறார். நாங்கள் மேலே வருகிறோம்."

தவராஜாவின் பாடம் அவர் தலையிலேயே விழுந்துவிட்டது. தூரிகையை ஓங்கினார். அதற்குள் இன்னொரு அழைப்பு.

"இஞ்சேருங்கோ, அதை அழிச்சுப்போடாதேங்கோ!" இராஜேஸ்வரியின் குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன. "படத்தை அடுப்புக்கு முன்னாலை வைச்சுப் பொங்குறன். தங்கச்சியும் வீடியோவிலை நிக்கிறாள். பால் இப்ப பொங்கிவிடும், அதுக்கு முதல் சூரியனை அழிக்கிறது அபசகுனம்."

"ஐயோ, என்ரை வேலை போகப்போகுதடி!"

"ரெண்டு நிமிசம்!"

பதினெட்டு வருடம் புகை மெஷினைப் பார்த்தவள். தவராஜா ஓங்கிய தூரிகையைப் பனியில் இறக்கவும் மாட்டாமல், கீழே போடவும் மாட்டாமல் நின்றார். கஃப்லிஷும் ஹிட்ஸ் அம்மாவும் ஏணியால் ஏறிவந்து பனிக்கரும்பைப் பார்த்துத் திகைத்து நின்ற நேரம், கைபேசிக்குள் இரண்டு பெண்களும் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார்கள். தவராஜா ஒரே மூச்சில் வரிசை முழுவதையும் தள்ளினார். கஃப்லிஷ் கைபேசியிலேயே மின்சாரக் கணக்கைப் பார்த்தார். ஒன்பதாம் வரிசை விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது.

முதலாளி சுதாரித்துக்கொண்டார். "பார்த்தீர்களா அம்மா? சில கோட்டுப் பனிக்கே இந்தக் கதி! உங்களுக்குக் காட்டத்தான் எங்கள் ஆள் இப்படிச் செய்துவைத்தார். இல்லையா தவராஜா?"

ஆம் என்று ஒரு தலையாட்டல் போதும், தலைவர் வேலை கைக்குள். ஆனால் சூரியன் நேரே முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பொங்கலன்று அந்த வெயிலில் நின்று பொய் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"இல்லை," என்றார் உடைந்த ஜெர்மனில். "இன்று சூரியனுக்கு எங்கள் திருநாள். என் வீட்டில் சூரியன் இல்லை. அதுதான் வரைந்தேன், மனைவி பால் பொங்கும் வரை அழிக்காதே என்றாள். பிழை என்னுடையது."

கஃப்லிஷ் கண்ணை மூடிக்கொண்டார். ஹிட்ஸ் அம்மா சூரியனை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏணியால் இறங்கிப் போனார். தவராஜா ஓர்லிகோனுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினார்.

ஒப்பந்தம் நாலாம் நாள் கையெழுத்தாகி வந்தது. கடைசிப் பக்கத்தில் ஹிட்ஸ் அம்மா பேனாவால் எழுதிய ஒரு வரி மட்டும் புதிது. கஃப்லிஷ் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, புதுத் தலைவரிடம் நீட்டினார்.

"ஆண்டுக்கு ஒரு நாள், திருமதி தவராஜாவின் பால் பொங்கும் வரை, ஒன்பதாம் வரிசையில் பனியைத் தள்ளக்கூடாது."