பகலில் ஓடிய எஞ்சின்

1986 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை நல்லம்மாள் அக்கா லயத்தை, எஸ்டேட்டின் அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டுப் போனார். கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் அவர் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "செரண்டா வரைக்கும் வர்றியா பாப்பா" என்று அக்கா கேட்டதும் லோரியில் ஏறிக்கொண்டேன்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பதினைந்து வயதிலிருந்து பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். வெட்டு முடிந்து, குளித்துச் சாப்பிட்ட பிறகு அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. லயத்தில் எவர் வீட்டு சுவிட்ச் கெட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தன் வீட்டு சுவிட்சை ஒருநாள் கழற்றிப் பார்த்தார், திரும்பப் பூட்டினார், சாயங்காலம் விளக்கு எரிந்தது. அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். எஸ்டேட்டின் சொந்த எஞ்சின்தான் எங்களுக்குக் கரண்டு தந்தது: விடியற்காலை நாலு முதல் ஆறு வரை, சாயங்காலம் ஆறு முதல் பத்து வரை.

அக்காவின் கணவர் அழகேசன் மாமா செரண்டாவில் கையுறைத் தொழிற்சாலை லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே கையுறை அடுக்கும் வேலை அக்காவுக்குச் சொல்லி வைத்திருந்தார். அக்காவின் கண்ணோ மின்சாமான்களைப் பழுதுபார்க்கும் பிரிவின் மேல் இருந்தது.

"அந்த வேலைய பொம்பளைக்கு யாரு கொடுப்பா?" என்றார் மாமா, லோரியை ஓட்டியபடி.

"கேட்டாத்தானே கொடுப்பாங்க. போர்மேன் ஒங்க கூட்டாளிதானே, கேளுங்களேன்."

"புது வீட்டுல ஹால் சுவிட்சு ஒடஞ்சு கெடக்கு. அத மாத்திக் காட்டு. ஒழுங்கா எரிஞ்சா நாளைக்கே கேக்கறேன். இல்லன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"பாப்பா, நீ சாட்சி" என்றார் அக்கா. செரண்டாக் கடைத்தெருவில் லோரியை நிறுத்தச் சொல்லி, வெள்ளையாகச் சதுரமாக ஒரு சுவிட்ச் வாங்கிக்கொண்டார்.

பலகை வீடு. பழைய சுவிட்ச் உருண்டையாக, பழுப்பாக, மூடி பிளந்து நின்றது. பாத்திரங்களைப் பிரித்து அடுக்குவதற்கு முன்பே அக்கா திருப்புளியை எடுத்தார். உச்சி வெயில் நேரம். மூடியைக் கழற்றி வயரில் கை வைத்தார். அடுத்த நொடி திருப்புளி பறந்துபோய் அரிசி மூட்டையில் விழுந்தது. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பகல்ல எஞ்சின ஓட விட்டிருக்கான். எந்தக் கிறுக்கன் அவன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லயத்தில் அவர் பார்த்த வேலையெல்லாம் பகல் வேலை. பகலில் வயர் வெறும் கம்பிதான். எதையும் நிறுத்த வேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை.

மாமா தண்ணீரோடு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "போதும்லா. வயர்மேனக் கூப்புடுவோம். நீ கையுறையவே அடுக்கு."

அக்கா அரிசி மூட்டையைப் பார்த்தார். அந்தத் திருப்புளியை அவர் எடுக்கத் தயங்கியதை அன்றுதான் பார்த்தேன். பிறகு கேட்டார்: "இந்த எஞ்சின யாரு நிறுத்துவாங்க?"

"நமக்காக யாரும் நிறுத்த மாட்டாங்க அக்கா. கதவுக்கு மேல பெட்டி இருக்கு பாருங்க. வீட்டுக்கு வர்ற கரண்ட அதுல நாமளே நிறுத்திக்கலாம்."

முக்காலி போட்டு ஏறி, பெட்டியின் பிடியை இழுத்தார். ஹாலில் ஓடிக்கொண்டிருந்த காற்றாடி நின்றது. மேலே தள்ளினார், சுற்றியது. மறுபடி நிறுத்தினார். மறுபடி ஓட விட்டார். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"லயத்துல அரை மணி நேரம் கூட விளக்கு வேணும்னா ஆபீஸ் கணக்கெழுதுற கிராணி வீட்டு வாசல்ல போய் நிக்கணும். இங்க பாரேன்."

"காத்தாடி செத்துப் போவப் போவுது" என்றார் மாமா.

பிடியைக் கீழே இறக்கிவிட்டு அக்கா சுவிட்சிடம் வந்தார். "நீங்க தொட்டுப் பாருங்க."

"நான் லோரிக்காரன்லா."

புறங்கையால் அக்காவே தொட்டார். ஒன்றும் இல்லை. அரிசி மூட்டையிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டார். பழையதைக் கழற்றி, வயர் முனையைச் சுரண்டிச் சுத்தமாக்கி, புதியதை நேராக நிறுத்தி முடுக்கினார். பெட்டியை ஓட விட்டு சுவிட்சைத் தட்டினார். பட்டப்பகலில் குண்டு பல்பு எரிந்தது.

பக்கத்து வீட்டு லீலாவதி எட்டிப் பார்த்து, "மத்தியானத்துல எதுக்கு விளக்கு?" என்றார்.

"எரியுது. உள்ள வந்து பாத்துட்டுப் போங்க" என்றார் மாமா. படுக்கப் போகும் வரை அதை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் மாமா சொன்னபடி கேட்டார். போர்மேன் சிரித்துவிட்டு, "பார்ப்போம்" என்றாராம். அக்கா கையுறை அடுக்கப் போனார். நான் ஜோகூர், சிங்கப்பூர் என்று வேலை மாறிக்கொண்டே இருந்தேன். 1988 மார்ச்சில், மூன்று முகவரிகளைத் தாண்டி அவர் கடிதம் என்னிடம் வந்து சேர்ந்தது:

"பாப்பா, ரெண்டு மாசமா பழுது பாக்குற பிரிவுல இருக்கேன். எட்டு ஆம்பளைங்க, நான் ஒருத்தி. கொடுத்த சட்டை தொளதொளன்னு இருக்கு. மாமா தையக்கடையில கொடுத்துச் சின்னதாக்கலாம்னாரு. வேணாம்னுட்டேன். சட்டைப் பை பெரிசா இருக்கு, சாமான் நெறைய பிடிக்குது."