தண்ணீர் குடிக்காத மான்

இன்றைக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் என்னைத் தெரியாத ஆள் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மூன்று இயந்திரப் படகுக்குச் சொந்தக்காரன். மூளை எனக்குச் சின்ன வயதிலேயே வேலை செய்தது. அதற்கு ஒரு மான் சாட்சி.

ஆபிரிக்காவின் வறண்ட காட்டிலிருந்து விலங்குகளை ஏற்றிவந்த கப்பலொன்று, இயந்திரம் பழுதாகி எங்கள் துறைமுகத்தில் நின்றது. விலங்குகளைப் பார்த்துவந்தவன் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போக, கப்பலுக்குச் சாமான் கொண்டுபோகும் வள்ளத்தில் வேலைசெய்த என் மாமாவை அந்த வேலைக்கு வைத்தார்கள். மாமா அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் போனபின் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. விலங்குகள் அவர் கையால் தின்று குடித்தால் அவரையும் கூடவே கூட்டிக்கொண்டுபோவதாகக் கப்பல் தலைவன் சொல்லியிருந்தான். நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள்.

மாமா ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். ஆளுயரத்தை மிஞ்சிய நெருப்புக்கோழிகள் கூட்டுக் கம்பியைக் கொத்தின. பாம்பை மிதித்தே கொல்லுமாம், நெட்டைக்கால் பருந்தொன்று. அது என்னையே முறைத்தது. அவையெல்லாம் நன்றாகத் தின்றன. முகத்தில் கறுப்புக் கோடும் ஈட்டிபோல் நேரான கொம்பும் உள்ள மான் மட்டும் வாளித் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. விலா எலும்பு தெரிந்தது.

"மாமா, இது செத்துப்போகுமோ?"

"செத்தா நான் இங்கதான் மருமோன், வள்ளம் வலிச்சுக்கொண்டு."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்கும்தான். வெள்ளிக்கிழமை சல்லி அம்மன் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போனாள். மான் வாய் வைக்கவேண்டும் என்று நான் என் தலைமயிரையே நேர்ந்துகொண்டேன். அம்மா என்னைவிட நெடுநேரம் கண்மூடி நின்றாள், கன்னமெல்லாம் ஈரம். ஒரு மானுக்காக இவ்வளவு உருகுகிறாளே என்று நினைத்தேன்.

வரும் வழியில் ஒரு வத்தகப்பழம், அதுதான் தர்ப்பூசணி, வாங்கினோம். வீட்டில் அதை வெட்டியபோது சாறு வழிந்ததைப் பார்த்ததும் எனக்கு யோசனை பிறந்தது. மறுநாள் பாதிப் பழத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மாமாவோடு வள்ளம் ஏறினேன். மான் முகர்ந்தது. பின்வாங்கியது. பிறகு ஒரு கடி. தோலைக்கூட விடவில்லை. தண்ணீரில்லாத தேசத்தில் அது காட்டுக் காய்களைக் கடித்தே தாகம் தீர்க்கும் என்று கப்பல்காரர் பிறகுதான் சொன்னார்கள். எனக்கு யார் சொல்லித் தந்தது?

மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்தார். "நீதான்ரா என்னைக் கப்பலேத்தினது" என்றார்.

கரை தட்டியதும் வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, மான் திண்டிட்டுது. நாங்கள் கேட்டதை அம்மன் தந்திட்டா."

குசினியில் அடுப்படியில் நின்ற அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். மீதிப் பழத்தை என் பக்கம் தள்ளினாள். சந்தோசத்தில் அவளுக்குப் பசிக்கவில்லையாக்கும் என்று நினைத்து, விதைகளைத் துப்பித் துப்பி அதை முழுவதும் நானே தின்றேன்.